முதுகில் வட்டத் தடம், மூன்று நாள் நிம்மதி

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு வருடமாகக் கீழ்முதுகு வலி. வலது தோள்பட்டைக்கு மேலேயும் ஓர் இறுக்கம். எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், "பயப்பட ஒன்றும் இல்லை, டிஸ்க் தேய்மானம்தான்" என்றார். நண்பர் சொன்னாரென்று, தோலில் கப்பைக் கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் கப்பிங் சிகிச்சைக்குப் போனேன். மூன்று முறை ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் நிம்மதி. பிறகு வலி திரும்பிவிடுகிறது. முதுகில் கருநீல வட்டங்கள் விழுகின்றன. "இவ்வளவு கறுப்பாக வந்தால் உள்ளே அவ்வளவு கழிவு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை கீறிக் கெட்ட ரத்தத்தை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்" என்கிறார் செய்பவர். கல்லூரியில் படிக்கும் என் மகன், எல்லாம் பித்தலாட்டம் என்கிறான். இதற்கிடையே, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மாத்திரை சாப்பிட்டுவரும் 72 வயது அப்பா, முழங்கால் வலிக்குத் தானும் வருகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அப்பாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். அவரை அழைத்துச் செல்லாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரப்படும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகள், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கின்றன. கப்பிங்கோ, தோலுக்கடியில் உள்ள நுண் ரத்தக் குழாய்களை வேண்டுமென்றே கசிய வைக்கிறது. உங்கள் முதுகில் ஒரு வட்டத்தோடு நின்றுவிட்ட கசிவு, அவருக்கு வட்டத்தைத் தாண்டிப் பரவிப் பெரிய ரத்தக்கட்டாக மாறலாம். கீறுகிற முறையாக இருந்தால் ரத்தம் நிற்கவே நெடுநேரம் ஆகும். போதாததற்கு, வயதானவர்களின் தோல் மெல்லியது. கப் எடுக்கும்போதே கொப்புளம் கிளம்பிவிடும். முழங்காலைச் சுற்றி நரம்புச் சுருட்டல் இருந்தால் அந்த இடத்தில் கப்பே வைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "கப்பிங்குக்கு முன்னால் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யாராவது யோசனை சொல்லி, அவரும் நிறுத்திவிடுவது. இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பில் கொண்டுபோய் விடும். முழங்கால் வலிக்குத் தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி நிறுத்துவது, கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது என்று எளிமையாகவே தொடங்கலாம். தேய்மான முழங்காலுக்கு உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதல் வரிசையில் வைப்பது உடற்பயிற்சியைத்தான். ஓர் இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டி, அவருக்கு ஏற்றபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதுகு.

உங்களுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் செய்பவரும் உங்கள் மகனும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

கப் வைக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பம்பால் காற்றை இழுக்கும் பிளாஸ்டிக் கப் என்றால் விஷயம் எளிது: உள்ளே அழுத்தம் குறைகிறது, தோல் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நெருப்பு காட்டி வைக்கும் கண்ணாடிக் கப்பில், நெருப்பு உள்ளே இருக்கும் காற்றைத் தின்றுவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. சூட்டில் காற்று விரிந்து வெளியேறிவிடுகிறது. கப்பைத் தோலில் கவிழ்த்ததும் மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் அழுத்தம் குறைகிறது. இரண்டு முறையிலும் விளைவு ஒன்றே. நெருப்பு முறையில் கூடுதலாகக் கிடைப்பது தீக்காயத்துக்கான வாய்ப்பு மட்டும்தான். அந்தக் காயங்கள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கின்றன.

கப்புக்குள் தோல் குமிழாக எழும்புகிறது. அதன் விளிம்பு தோலைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நடுப்பகுதி மேல்நோக்கி இழுபடுகிறது. மசாஜில் கை எப்போதும் அழுத்தத்தான் செய்யும். இங்கே திசுக்கள் தூக்கப்படுகின்றன. அந்த வித்தியாசமான உணர்வு பலருக்கு இதமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த இழுப்பு தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கும் உறை, தசையின் மேற்பகுதி என்ற அளவோடு தணிந்துவிடும். உங்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த டிஸ்க், அதற்கும் கீழே, தடித்த முதுகுத் தசைகளுக்கும் எலும்புக்கும் முன்புறம் இருக்கிறது. எந்தக் கப்பும் அதைத் தொடுவதில்லை. "டிஸ்க்கை இழுத்துச் சரிசெய்கிறோம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

சில நிமிடங்களில் தோல் சிவக்கும். நுண் ரத்தக் குழாய்கள் விரிந்து அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது. கதகதப்பு தெரிவது அதனால்தான். இழுப்பு நீடிக்கும்போது தந்துகிகள் எனப்படும் மிக மெல்லிய குழாய்கள் சில விட்டுக்கொடுத்து, சிவப்பணுக்கள் வெளியே கசிகின்றன. கப் எடுத்தவுடன் உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை ஒன்றுகூடிக் கருநீலமாகின்றன. கதவில் இடித்துக்கொண்டால் வருகிற கன்றிப்போன தடத்துக்கும் இதற்கும் உடம்பைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. கசிந்த ஹீமோகுளோபினை உடம்பு படிப்படியாக உடைத்து அப்புறப்படுத்துகிறது: முதலில் பச்சை நிறமுள்ள பிலிவெர்டின், பிறகு மஞ்சள் நிறமுள்ள பிலிரூபின், கடைசியில் மிஞ்சும் இரும்புச் சத்தின் பழுப்பு. உங்கள் தடங்களும் இந்த வரிசையில்தான் மங்கியிருக்கும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும்.

ஆக, நிறம் கறுத்ததற்குக் காரணம் கழிவு அல்ல. எவ்வளவு இழுத்தார்கள், எத்தனை நிமிடம் வைத்தார்கள், உங்கள் தந்துகிகள் எவ்வளவு உறுதியானவை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பவையே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. வலியே இல்லாத தொடையில் அதே இழுப்பில் அதே நேரம் ஒரு கப் வைக்கச் சொல்லுங்கள், அங்கேயும் கறுக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இதே வட்டங்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஒலிம்பிக்கில் அவர் 5 தங்கம் வென்றார். கறுப்பு வட்டம் கழிவின் அளவுகோல் என்றால், அன்று அந்தக் குளத்தில் கழிவு மிகுந்த உடம்புகளில் ஒன்று அவருடையதாக இருந்திருக்க வேண்டும்!

கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நுரையீரலும் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு விளக்கம். கடுமையாக ஓடி முடித்தவருக்கே அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து அகன்றுவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு வருடமாகத் தேங்க அதற்கு வழியே இல்லை.

கீறி ரத்தம் எடுப்பதற்கு வருவோம். உங்களுக்கு என் பதில்: வேண்டாம். செய்துகொண்டவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கப்பை எடுத்ததும் உள்ளே கருஞ்சிவப்பாக, கூழ் போல ஒரு கட்டி இருக்கும். அதைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு கெட்டுப்போன ரத்தம்" என்பார்கள். பார்ப்பவருக்கும் நம்பத்தான் தோன்றும். கீறலிலிருந்து வரும் எந்த நல்ல ரத்தமும் குழாயை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் உறைந்து கூழாகும். உறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கருஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம், தோலிலிருந்து இழுபட்டு வருவது பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ரத்தம் என்பதுதான். ஆய்வகத்தில் கையிலிருந்து எடுக்கும் ரத்தமும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. பெரியவர்களின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. ஓய்வாக இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டரை வெளியே தள்ளுகிறது. அப்படி ஓடிக்கொண்டே இருக்கும் ரத்தத்தில் கெட்டது மட்டும் தனியாகப் பிரிந்து போய் முதுகில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்காது.

ரத்தத்தை வெளியே எடுத்துச் செய்யும் மருத்துவம் அடியோடு இல்லையா என்றால், இருக்கிறது. உடம்பில் இரும்புச் சத்து அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா ஆகிய நோய்களுக்கு அது முறையான சிகிச்சை. அங்கே முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு ஊசி வழியே அளந்து எடுப்பது, மறுபடி பரிசோதனை என்று போகும். முதுகுவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கீறும் முறையில் இழக்கக்கூடியவை சில உண்டு. ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பின் மேல்கூடக் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கத்தி புதியதாக இருக்கலாம். கப்பும் பம்பும் முந்தைய ஆளுடையதாக இருந்தால் ஆபத்து அப்படியே நிற்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவுவது போதாது. சிலருக்குக் கீறல் ஆறிய இடத்தில் தடித்த கெலாய்டுத் தழும்பு வரும். அடிக்கடி செய்துகொண்டு ரத்தசோகையில் போய் முடிந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. சமய நம்பிக்கையின் பேரில், கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்; அந்த நம்பிக்கைக்குள் நான் நுழையவில்லை. அவர்களுக்கும் இந்தச் சுத்தம் பற்றிய கேள்விகள் பொருந்தும்.

"பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது, தவறாக இருக்குமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. பழமையானதுதான். பண்டைய கிரேக்க மருத்துவத்தில் இருந்தது, சீனாவில் இருந்தது, அரபு மருத்துவத்தில் இருந்தது. விலங்குக் கொம்பு, மூங்கில், வெண்கலம் என்று கருவி மட்டும் மாறிவந்தது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலும் மருத்துவர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அதே ஐரோப்பாவில், பெரும்பாலான காய்ச்சல்களுக்கு ரத்தம் எடுப்பதுதான் மருந்து என்றும் நம்பினார்கள். பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி நிமோனியா நோயாளிகளை வரிசையாகக் கணக்கெடுத்து 1835இல் வெளியிட்டபோதுதான், அதனால் கிடைக்கும் பயன் நினைத்ததைவிட மிகச் சொற்பம் என்று தெரிந்தது. அதுவரை பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் உங்கள் வலி ஏன் குறைந்தது? எனக்கு இதுதான் இந்தக் கடிதத்தின் சுவையான பகுதி.

வலி என்பது முதுகிலிருந்து மூளைக்கு நேராக ஓடும் கம்பியில் வரும் செய்தி அல்ல. வழியில் தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதைத்தான் சொன்னது. தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்து வரும் தடித்த, வேகமான நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது. கீழே விழுந்த குழந்தை முட்டியைத் தேய்த்துக்கொள்வதும் இதே கணக்கு. முதுகில் ஏழெட்டு இடங்களில் தோல் ஒரே நேரத்தில் இழுபடும்போது அந்தத் தொடு நரம்புகள் அத்தனையும் பேச ஆரம்பிக்கின்றன. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது.

இரண்டாவது, வலியை வலி அடக்குவது. உடம்பில் ஓரிடத்தில் வலிக்கும்படி தூண்டினால், வேறோர் இடத்தின் வலிச் செய்தி தண்டுவடத்தில் அடங்குவதை லெ பார் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1979இல் எலிகளிடம் காட்டினார்கள். மனிதர்களிடமும் இது உண்டு. நன்றாக இழுத்து வைத்த கப் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. மூளைத்தண்டு அதற்குப் பதிலாக வலியடக்கும் கட்டளையைக் கீழே அனுப்புகிறது. இது நெடுநேரம் நீடிப்பதில்லை. முதல் சில மணி நேரத்து நிம்மதியில் இதற்குப் பங்கு இருக்கலாம்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. இதைச் சொன்னதும் "அப்படியானால் என் வலி கற்பனையா?" என்று கோபம் வரும். இல்லை. 1978இல் லெவைன், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர், கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்தில்லாத போலி ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு, நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது வலி மீண்டும் கூடியது. ஓபியம் வகை மருந்துகளின் விளைவைத் தடுப்பதுதான் நலாக்சோனின் வேலை. ஆக, நம்பிக்கையால் வலி குறைந்தபோது மூளை தனக்குள்ளேயே ஓபியம் போன்ற வேதிப்பொருளைச் சுரந்திருக்கிறது. போலி சிகிச்சையால் குறைந்தாலும் குறைந்தது வலிதான். இதோடு, கால் மணி நேரம் குப்புறப் படுத்து யாரோ ஒருவர் உங்கள் முதுகைக் கவனிக்கிறார், உங்கள் பேச்சைக் கேட்கிறார். தொலைபேசி இல்லை, கணினி இல்லை. இரண்டு வருடமாக விறைத்துக்கிடந்த தசைக்கு அதுவே பாதி மருந்து.

வலியின் போக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். யாரும் வலி குறைந்த நாளில் சிகிச்சைக்குப் போவதில்லை, உச்சத்தில்தான் போகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறங்கத்தான் செய்யும். பெயர் கப்புக்குப் போய்விடுகிறது.

இவற்றைப் பிரித்தறியத்தான் போலிக் கப்பை வைத்து ஆய்வு செய்கிறார்கள். கப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளை இருக்கும். வைத்தவுடன் பிடிப்பதுபோல் இருந்து, விரைவில் இழுப்பு போய்விடும். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 90 பேருக்கு வாரம் ஒருமுறை வீதம் 8 வாரம் நிஜக் கப்பையும் போலிக் கப்பையும் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. இரண்டு குழுவுக்கும் வலியில் பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: வழக்கமான கவனிப்பைவிடக் கப்பிங் மேல், போலிக் கப்பைவிட மேல் அல்ல. வேறு சில ஆய்வுகளில் கப்பிங்குக்குச் சாதகமான முடிவும் வந்திருக்கிறது. அவற்றில் பல சிறியவை. பலவற்றில் தமக்கு எது வைக்கப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரிந்தேயிருந்தது. கருவட்டம் விழுகிற சிகிச்சையில் அதை மறைப்பதும் எளிதல்ல.

இதையெல்லாம் மகனிடம் காட்டுங்கள். கழிவு, கெட்ட ரத்தம் என்ற விளக்கத்துக்கு அவன் சொன்ன சொல் கடுமையானதே தவிரத் தவறானதல்ல. உங்களுக்கு வலி குறைந்தது என்பதை அவன் மறுக்க வேண்டியதில்லை. ஒரு வேண்டுகோள்: உங்களைக் கேலி செய்வதற்குப் பதிலாக, மாலையில் உங்களோடு நடக்க வரச் சொல்லுங்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இருக்கும் "தேய்மானம்" என்ற சொல் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது என்று ஊகிக்கிறேன். பலரை அது முடக்கியே போட்டுவிடுகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 40 வயதுக்காரர்களில் 68 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காடு. நரை விழுவதைப் போல அதுவும் வயதின் அடையாளம். உங்கள் முதுகு நொறுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. குனிந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் இடுப்பை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு நடமாடுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த விறைப்பே அடுத்த வலிக்கு அடித்தளம் போடுகிறது.

கப்பிங் உங்களுக்குத் தருவது இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வலி விட்டதே என்று நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்த்திருப்பீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான். என் யோசனை, அந்த நாட்களை அசைவுக்குச் செலவழியுங்கள் என்பது. முதல் நாளே பத்து நிமிடம் நடை. அடுத்தடுத்த நாட்களில் ஐந்தைந்து நிமிடம் கூட்டி அரை மணிக்குக் கொண்டுபோங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை மெதுவாக உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குங்கள். கையும் முழங்காலும் ஊன்றி நின்று, முதுகை வளைத்து நிமிர்த்துங்கள். பிறகு அதே நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டிச் சற்று நிறுத்தி, பக்கம் மாற்றுங்கள். பத்துப் பத்து முறை போதும். செய்யும்போது வலி லேசாக எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

தோள்பட்டை இறுக்கத்துக்குக் கணினித் திரை கண் மட்டத்துக்கு வர வேண்டும். முழங்கை மேசையில் தாங்கலோடு இருக்க வேண்டும். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி வாரம் மூன்று நாள். நீட்டி இழுப்பதைவிட வலுவூட்டுவது இங்கே நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். சரியான உட்காரும் நிலை எது என்று பலரும் என்னைக் கேட்பார்கள். ஒரே நிலையில் நெடுநேரம் இருக்காதீர்கள் என்பதைத் தாண்டி எனக்கு வேறு பதில் இல்லை.

இதோடு, கீறாமல் செய்யும் உலர் கப்பிங்கும் வேண்டும் என்று தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். சில ஒழுங்குகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெருப்பு வேண்டாம், பம்ப் கப்பே போதும். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வலி பொறுக்க முடியாமல் போனால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தால் இழுப்பு அதிகம் என்று பொருள். பழைய தடம் மறையாத இடத்தில் மறுபடி வேண்டாம். கழுத்தின் முன்புறம், மச்சம், புண், சுருண்ட நரம்பு ஆகியவற்றின் மேல் கூடாது. சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கப் வைத்த வட்டத்திலேயே புதிய திட்டு கிளம்பலாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்கள், கருவுற்றவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். கறுப்பாக வந்தால்தான் பலன் என்று செய்பவர் இழுப்பைக் கூட்டினால், மேலே சொன்ன காரணங்களை அவரிடமே சொல்லிப் பாருங்கள். லேசான சிவப்போடு முடிந்தாலும் பலனில் குறைவு வராது.

உங்கள் வலியின் குணம் மாறினால் பயிற்சியும் வேண்டாம், கப்பும் வேண்டாம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைபடுவது, இரு தொடைகளுக்கும் நடுவே உணர்ச்சியற்றுப் போவது, கால் பாதம் தூக்க முடியாமல் தொங்குவது ஆகியவை வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; ஒரு நாள் தாமதம்கூட நிரந்தர பாதிப்பில் முடியலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமின்றி எடை குறைவது, படுத்தாலும் புரண்டாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புது வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். தோள்பட்டை வலி நடக்கும்போது கூடி, மார்பில் பாரத்தோடு வந்தால் தசை என்று எண்ணிக் கப் வைக்கப் போய்விடாதீர்கள்.

அடுத்த முறைக்கு முன்பதிவு செய்திருந்தால், கீறுவது வேண்டாம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். குப்புறப் படுத்த பிறகு மறுத்துப் பேசுவது கடினம். எட்டு வாரம் பயிற்சி செய்துவிட்டு, கப்பிங் இல்லாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்று பாருங்கள். நாட்கள் கூடிக்கொண்டே போனால் அந்தச் செலவை நிறுத்திவிடலாம். அப்போதும் மூன்று நாளிலேயே நின்றால், எம்.ஆர்.ஐ. படத்தையும் எட்டு வாரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த மருத்துவரிடம் மறுபடி போங்கள்.